காகிதம் சென்ற வழி

சீனப் பேரரசர்களின் அரண்மனைகளில் அண்ணகர்கள், அதாவது ஆண்மை நீக்கப்பட்ட ஊழியர்கள், ஏறத்தாழ இரண்டாயிரம் ஆண்டுகள் பணிபுரிந்தனர். அந்தப்புரத்தைக் காக்கவும் விளக்கேற்றவும் அமர்த்திய ஆட்கள் அமைச்சர்களையே நடுங்கவைத்தது எங்ஙனம் என்று மன்றத்து அன்பர் ஒருவர் நம்மைக் கேட்டிருந்தார். 'வஞ்சகத்தால்' என்று ஒரே சொல்லில் விடை கூறுவது வழக்கம். நமக்கு அது போதவில்லை. கோப்புகளிடையே காலங்கழிக்கும் நம் கண்ணுக்கு முதலில் படுவது காகிதம் சென்ற வழிதான்.

மிங் மரபின் முதற் பேரரசர் ஹொங்வூ, அமைச்சர் ஒருவர் தம்மை மிஞ்சிவிடுவாரோ என்று ஐயுற்று, 1380-இல் தலைமை அமைச்சர் பதவியையே ஒழித்தார். அண்ணகர்கள் அரசியலில் தலையிடலாகாது என்றும் தடுத்தார். ஆனால் நாடெங்கிலுமிருந்து வரும் அறிக்கைகள் யாவும் இனி ஒரே மேசையில் வந்து குவிய வேண்டும்! அவர் அசுர உழைப்பாளி, தாமே பார்த்தார். வழிவந்தோர் அத்தகையரல்லர். அவருடைய கொள்ளுப்பேரர் ஷுவாந்தே 1426-இல் இளம் அண்ணகர்களுக்கென அரண்மனைக்குள்ளேயே எழுத்துப்பள்ளி ஏற்படுத்தினார்.

பின்னர் அமைந்த நடைமுறை இது. தேர்வெழுதிப் பதவிக்கு வந்த செயலர்கள், ஒவ்வோர் அறிக்கைக்கும் உரிய விடையைச் சிறு தாளில் வரைந்து அதன்மேல் ஒட்டி உள்ளே அனுப்புவர். பேரரசர் சிவப்பு மையால் ஆணை எழுத வேண்டும். அவர் சிலவற்றுக்கு மட்டும் எழுதிவிட்டு, எஞ்சியவற்றைச் சடங்குத்துறை அண்ணகர்களிடம் விட்டார். சிவப்பு மை கைமாறியது. மாதக்கணக்கில் பேரரசரின் முகத்தையே காணாத செயலர்கள் என் செய்வர்? உள்ளே செல்லும் ஊழியனை வணங்கினர்.

1620 முதல் 1627 வரை ஆண்ட தியான்சி பேரரசருக்குத் தச்சுவேலையில் தீராத மோகம். அவர் இழைப்புளியும் கையுமாக இருக்க, வெய் சோங்ஷியன் என்ற அண்ணகர் நாட்டை ஆண்டார். அவருக்கு எழுத்தறிவே கிடையாது என்பர்! 1624-இல் யாங் லியன் என்னும் அதிகாரி அவர்மீது 24 குற்றங்களை அடுக்கி விண்ணப்பம் அனுப்பினார். அதைப் படித்துக் காட்டுமாறு பேரரசர் பணித்தது வெய்யின் கூட்டாளியான மற்றோர் அண்ணகரை. முக்கியமான சொற்களை விட்டுவிட்டு அவர் படித்தார் என மிங் வரலாறு கூறுகிறது. மறு ஆண்டு யாங் லியன் சிறையில் வதையுண்டு மாண்டார். 1627-இல் புதிய பேரரசர் வந்ததும் வெய் தூக்கிட்டுக்கொண்டார்; ஆயினும் விண்ணப்பம் சென்ற வழி மாறவில்லை.

ஒன்று சொல்லியாக வேண்டும். அவ்வரலாறுகளை எழுதியோர், அண்ணகர்களுடன் அதிகாரத்துக்குப் போட்டியிட்ட புலவர் வகுப்பினரே. வறுமையினால் பெற்றோரே சிறுவயதில் இவ்வேலைக்கு விட்ட பிள்ளைகள் பலர். கி.பி. 105-இல் காகிதம் செய்யும் முறையை அரசவைக்கு அளித்த சாய் லுன் ஓர் அண்ணகர். 1405 முதல் 1433 வரை ஏழுமுறை பெருங்கப்பற்படை நடத்திய செங் ஹோவும் அண்ணகரே. 1409-ஆம் ஆண்டிட்ட அவரது கல்வெட்டு சீனம், தமிழ், பாரசீகம் ஆகிய மும்மொழிகளில் உள்ளது. தமிழ்ப் பகுதி, திருமாலின் வடிவாகக் கருதப்பட்ட தெனவரை நாயனாருக்குச் சீனப் பேரரசர் அளித்த காணிக்கையைக் கூறுகிறது. 1911-இல் இலங்கையின் காலி நகரில் கிடைத்த அக்கல் கொழும்பு அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அப்பக்கம் செல்லும் அன்பர்கள் பார்த்து வரலாம்.