வண்ணமும் வாய்மையும்

போர்க்களத்தில் தன்னவர் யார், மாற்றார் யார் என்று அறிவது வீரனுக்கு முதற்கடமை. பண்டைத் தமிழ்ப் படைகள் இதற்குப் பூவை அடையாளமாகக் கொண்டன. சேரன் படை பனம்பூவையும், சோழன் படை ஆத்திப்பூவையும், பாண்டியன் படை வேப்பம்பூவையும் சூடிக் களம் புகுந்தன. தலையில் சூடிய பூவே தலையைக் காத்தது. அப்பூவின் இடத்தை இன்று வண்ணம் பெற்றுள்ளது. போர் விமானத்தின் இறக்கையிலும் உடலிலும் வாலிலும் தீட்டப்பெறும் வட்டமும் கொடியும் எண்ணும், அது எந்நாட்டுக்கு உரியது, எப்படைப் பிரிவைச் சேர்ந்தது என்பவற்றை உரைக்கின்றன.

இவ்வண்ணங்கள் அழகுக்காகப் பிறந்தவை அல்ல, பட்டறிவில் பிறந்தவை. 1914ஆம் ஆண்டில் முதல் உலகப்போர் தொடங்கியபோது பிரிட்டிஷ் விமானங்கள் தம் நாட்டுக் கொடியையே இறக்கையில் தாங்கின. தொலைவிலிருந்து நோக்கியவர்க்கு அக்கொடியின் சிலுவை ஜெர்மானியரின் சிலுவையாகத் தோன்றிற்று. ஆகவே, பிரெஞ்சுக்காரர் கைக்கொண்டிருந்த மூவண்ண வட்டத்தை, நிற வரிசையை மட்டும் தலைகீழாக்கி, அவ்வாண்டின் இறுதிக்குள் அவர்களும் மேற்கொண்டனர். இரண்டாம் உலகப்போரில், 1942ஆம் ஆண்டு மே மாதத்தில், அமெரிக்க விமானங்களிலுள்ள விண்மீனின் நடுவே இருந்த செந்நிறப் பொட்டு நீக்கப்பட்டது. ஜப்பானியரின் செங்கதிர் வட்டத்தோடு அது மயங்கியதே காரணம். 1943 ஜூலை 11 இரவில், சிசிலித் தீவின்மேல் வீரர்களை ஏற்றிச் சென்ற 144 அமெரிக்க விமானங்களுள் 23 விமானங்கள் தம் தரப்பாரின் குண்டுகளாலேயே வீழ்ந்தன. மறு ஆண்டு நார்மண்டிப் படையெடுப்பின்போது நேச நாட்டு விமானங்கள் கறுப்பும் வெள்ளையுமான ஐந்து பட்டைகளைத் தாங்கியமைக்கு இத்தகைய துயரமே தூண்டுதல். மாற்றாரின் சின்னத்தைப் பூண்டு தாக்குவதை, 1977இல் ஜெனீவா உடன்படிக்கைகளோடு சேர்க்கப்பட்ட நெறிமுறை விலக்கியுள்ளது. விமானத்தின்மேல் உள்ள ஒவ்வொரு கோடும் ஒரு சொல். அச்சொல் பொய்க்கலாகாது என்பது போருக்கும் பொதுவான அறம்.

இத்தகைய வண்ணங்களைக் கணினித் திரையில் தீட்டும் கலையொன்று இக்காலத்தில் வளர்ந்துள்ளது. மெய்யான போர் விமானத்தை ஓட்டுவது போலவே உணரச் செய்யும் கணினி விளையாட்டுகள் பல உள. அவற்றைச் சிமுலேட்டர் என வழங்குவர். 2001ஆம் ஆண்டில் வெளிவந்த ஐ.எல்-2 ஸ்டர்மோவிக் என்பதும், பின்னர் வந்த டி.சி.எஸ். வேர்ல்டு என்பதும் அவ்வகையில் பெயர் பெற்றவை. இவற்றை ஆடுவோர், விமானத்தின் மேற்பூச்சைத் தாமே தீட்டி மாற்றிக்கொள்ளலாம். அதற்கு லிவரி என்று பெயர். வண்ணக்கோலம் எனத் தமிழில் கூறுதல் பொருந்தும்.

அக்கோலம் தீட்டுதல் எளிய செயல் அன்று. தையற்காரர் சட்டைக்குரிய துணியைக் கை வேறு, கழுத்து வேறு, முதுகு வேறு என வெட்டிப் பரப்புவது போல, விமானத்தின் உடல் பல துண்டுகளாகப் பிரிந்து தட்டையான படமாகத் திரையில் கிடக்கும். தீட்டுபவர் அதன்மேல் வண்ணம் ஏற்ற வேண்டும். பின்னர் அப்படம் விமான உருவின்மேல் போர்த்தப்படும்போது கோடுகள் ஒன்றோடொன்று பொருந்த வேண்டும். சில உருவங்களில் இடப்புறத்துக்கும் வலப்புறத்துக்கும் ஒரே துண்டு அமைந்திருக்கும். அங்கே எண்ணை எழுதினால் ஒரு பக்கத்தில் அது கண்ணாடியில் கண்டாற்போலத் திரும்பி நிற்கும். புகைபோக்கியின் பின்னே கரி படிவதையும், பணியாளர் மிதிக்கும் இடத்தில் பூச்சுத் தேய்வதையும், வெயிலில் நிறம் வெளுப்பதையும் காட்டாவிடின் விமானம் பொம்மை போலத் தோன்றும்.

இக்கலையில் இரு பிரிவுகள் உள. இருந்ததை இருந்தவாறே தீட்டுவது ஒன்று. இருந்திராத ஒன்றை இருந்ததாகக் கற்பித்துத் தீட்டுவது மற்றொன்று. ‘இந்நாடு இவ்விமானத்தை வாங்கியிருப்பின் அதன் கோலம் எவ்வாறு இருந்திருக்கும்? இத்திட்டம் கைவிடப்படாதிருப்பின் என்ன நிகழ்ந்திருக்கும்?’ என்னும் வினாக்களே இரண்டாவதற்கு வித்து. இதனை மாற்று வரலாறு என்பர்.

‘நிகழாததை எண்ணிக் காலம் கழிப்பது வீண், வரலாற்றைத் திரிப்பது தீது’ என்று இதனைச் சிலர் பழிப்பர். அவர்கள் அணியிலக்கணத்தில் வரும் இல்பொருள் உவமையை நினைவு கூர்தல் வேண்டும். ‘பொன்மழை பொழிந்தாற்போல’ என்று கூறும் புலவன் பொய்யுரைப்பதில்லை. பொன்னும் உலகில் உண்டு, மழையும் உண்டு, அவற்றின் சேர்க்கையே இல்லை. பொன்னையும் மழையையும் அறியாதவனால் பொன்மழையைப் பாட இயலாது. இல்லாததைப் புனைபவனுக்கு உள்ளதைப் பற்றிய அறிவு மிகுதியாக வேண்டும். மாற்று வரலாற்றுக் கோலமும் இத்தகையதே. இருந்ததைத் தீட்டுபவர்க்குப் பழைய புகைப்படம் ஒன்று வழிகாட்டும். இருந்திராததைத் தீட்டுபவர்க்கு வரலாற்றறிவே வழிகாட்டும்.

கனடா நாட்டின் ‘ஆரோ’ விமானம் இதற்குத் தக்க சான்று. அம்பு எனப் பொருள்படும் பெயர் கொண்ட அவ்விமானத்தை ஆவ்ரோ கனடா நிறுவனம் அமைத்தது. வெண்ணிற மேனியும் முக்கோண இறக்கையும் உடைய அது, 1958 மார்ச் 25 அன்று முதன்முதலாக வானில் எழுந்தது. 25201 முதல் 25205 வரை எண் பூண்ட ஐந்து விமானங்கள் பறந்தன. 1959 பிப்ரவரி 20 அன்று அந்நாட்டு அரசு அத்திட்டத்தைக் கைவிட்டது. அன்றே பதினாலாயிரத்துக்கு மேற்பட்ட தொழிலாளர் வேலை இழந்தனர். அமைத்த விமானங்கள் யாவும் வெட்டிச் சிதைக்கப்பட்டன. மூக்குப் பகுதி ஒன்றும் சில உறுப்புகளுமே எஞ்சி, ஒட்டாவா நகரத்து வானூர்தி அருங்காட்சியகத்தில் உள்ளன. படைப்பிரிவு ஒன்றின் சின்னத்தைப் பூணும் பேறு ஆரோவுக்கு இறுதிவரை வாய்க்கவில்லை.

அவ்விமானம் 1972ஆம் ஆண்டில் காவற்பணியில் இருந்ததாகக் கற்பித்து ஒருவர் தீட்டத் தொடங்குகிறார் என்று கொள்வோம். அவர் மாற்றியது ஒன்றே: திட்டம் கைவிடப்படவில்லை. மற்றவை யாவும் நிகழ்ந்தவாறே நிகழ வேண்டும். மேப்பிள் இலை பொறித்த புதிய கொடியைக் கனடா 1965 பிப்ரவரி 15 அன்று ஏற்றது. ஆகவே வாலில் அக்கொடியே இருத்தல் வேண்டும். விமானப்படை 1968 பிப்ரவரி முதல் நாளன்று மற்றப் படைகளோடு இணைந்து ஒரே படையாயிற்று; ஆகவே பழைய அரச விமானப்படையின் பெயரை எழுதலாகாது. ஆங்கிலமும் பிரெஞ்சும் அந்நாட்டின் ஆட்சிமொழிகள் என்று 1969ஆம் ஆண்டுச் சட்டம் வகுத்தது; ஆகவே படையின் பெயர் இருமொழியிலும் வேண்டும். எப்படைப்பிரிவின் சின்னத்தைத் தீட்டுவது? ஆரோவின் பணிக்கென வாங்கப்பட்ட ‘வூடூ’ விமானங்களை ஓட்டிய பிரிவுகளுள் 425ஆம் பிரிவு ஒன்று. 1942ஆம் ஆண்டில் பிரெஞ்சு மொழி பேசும் கனடியர்க்கென அமைந்த அதன் சின்னம் வானம்பாடி. கியூபெக் மாநிலத்துப் பாகோட்வில் தளத்திலிருந்து அப்பிரிவு பணியாற்றிற்று. வெண்ணிற ஆரோவின் வாலில் வானம்பாடி ஒன்றைத் தீட்டும் அவர், அதற்குமுன் ஒரு நாட்டின் கொடியையும் மொழியையும் படையமைப்பையும் கற்றுத் தீர வேண்டும். விளையாட்டுக்காகத் தூரிகை எடுத்தவர் வரலாற்று மாணவராகிறார். மாற்றுவது ஒன்றாகவும், மற்றவை அதற்கு இயைந்தனவாகவும் இருத்தலே இக்கலையின் இலக்கணம்.

‘நடவாதது நடவாததே, அதில் இயைபு எதற்கு?’ என்று கேட்பவர்க்கு வரலாறே விடை கூறுகிறது. 1985ஆம் ஆண்டில் ஒருவர், சோவியத் நாடு செய்த மிக்-29 விமானத்தின்மேல் மேற்கு ஜெர்மனியின் சிலுவையைத் தீட்டியிருப்பின் உலகம் நகைத்திருக்கும். 1990 அக்டோபர் 3 அன்று இரு ஜெர்மனிகளும் ஒன்றாயின. கிழக்கு ஜெர்மனியின் 24 மிக்-29 விமானங்கள் மேற்கின் படைக்கு உரிமையாயின. அவற்றின்மேல் இருந்த சுத்தியலும் கவராயமும் அழிந்தன, சிலுவை ஏறிற்று. பின்னர், 2003, 2004ஆம் ஆண்டுகளில், விமானம் ஒன்றுக்கு ஒரு யூரோ என்னும் பெயரளவு விலைக்கு அவற்றுள் பெரும்பாலானவை போலந்து நாட்டுக்குச் சென்று மீண்டும் வண்ணம் மாறின. நடந்தது மட்டுமே நடக்கக்கூடியது என்று எண்ணுபவர் வரலாற்றைப் பாதியே அறிந்தவர். அன்று வாழ்ந்தோர்க்கு எதிர்காலம் திறந்தே கிடந்தது. அவர்கள் தேர்ந்தனர், பிழைத்தனர், திருந்தினர். மாற்று வரலாறு இவ்வுண்மையைக் கண்முன் நிறுத்துகிறது.

ஆயினும் இக்கலைக்கு ஓர் இடர் உண்டு. பாடிய புலவனின் பொன்மழையைக் கேட்டு எவரும் கூடை எடுத்துக்கொண்டு ஓடுவதில்லை. அது கற்பனை என்பது அனைவர்க்கும் தெரியும். திரையில் பறக்கும் விமானமோ மெய்யான விமானத்தையே ஒக்கும். 2022 பிப்ரவரியில் உக்ரைன்மீது ரஷ்யப் படை பாய்ந்தபோது, உக்ரைன் விமானி ஒருவர் தனியே ஆறு பகை விமானங்களை வீழ்த்தினார் என்றும், அவரே ‘கீவ் நகரத்து ஆவி’ என்றும் பேச்சு எழுந்தது. அதற்குச் சான்றாக ஒரு காணொளி உலகெங்கும் பரவிற்று. அது டி.சி.எஸ். விளையாட்டில் ஆக்கப்பட்டது. ஆக்கியவர் அது விளையாட்டே என்று அதன் கீழ் எழுதியும் இருந்தார். கைமாறிப் பரவியபோது படம் நின்றது, குறிப்பு உதிர்ந்தது. அவ்வாண்டு ஏப்ரல் 30 அன்று, அவ்விமானி மக்கள் படைத்த புனைவு வீரரே என்று உக்ரைன் விமானப்படை விளக்க நேர்ந்தது.

இதிலிருந்து பெறப்படுவது யாது? ‘இது கற்பனை’ என்னும் சொல் படத்தின் அருகே இருந்தால் போதாது. படத்தின் உள்ளேயே இருத்தல் வேண்டும். இதற்கு எளிய வழிகள் பல உண்டு. எவ்விமானமும் பூண்டிராத எண்ணை வாலில் எழுதலாம். ஆரோவின்மேல் 1972ஆம் ஆண்டைப் பொறிக்கலாம். அறிந்தவர்க்கு அதுவே சான்று. அறியாதவர்க்காக, இறக்கையின் ஓரத்தில் ‘கற்பனைக் கோலம்’ எனச் சிறு எழுத்தில் தெளிவாகத் தீட்டலாம். அதனால் அழகு குன்றும் என்பர் சிலர். நாணயத்தில் அச்சு முத்திரை இருப்பதனால் அதன் மதிப்புக் குன்றுகிறதா?

மற்றும் இரு எல்லைகள் உள. மெய்யாக வாழ்ந்த விமானியின் பெயரை எழுதி, அவர் கொல்லாதவரைக் கொன்றதாகக் காட்டும் சின்னங்களை அதன்கீழ் இடுதல் தகாது. அது கற்பனை அன்று. ஒருவர்மேல் சுமத்தும் பழி. இரண்டாவது, கொடுமையின் கொடியைக் கோலமாகத் தீட்டுவது. போர் 1946 வரை நீண்டிருப்பின் ஜெர்மானிய விமானங்கள் எவ்வாறு இருந்திருக்கும் என்று பலர் தீட்டுகின்றனர். அவ்வெற்றியின் மறுபக்கத்தில் எத்தனை இலட்சம் மக்களின் சாவு இருந்திருக்கும் என்பதை அவர்கள் மறத்தல் ஆகாது. நாஜிக் கட்சியின் சின்னங்களைப் பொதுவில் காட்டுவதை ஜெர்மனியின் சட்டம் தடுத்து, கலை, கல்வி போன்ற நோக்கங்களுக்கு விலக்கு அளித்துள்ளது. அதே வேளையில், ஃபின்லாந்து விமானப்படை அக்கட்சி தோன்றுவதற்கு முன்னரே, 1918இல், நீலநிறச் சுவஸ்திகத்தை ஏற்று 1945 வரை பூண்டிருந்தது என்பதையும் அறிதல் வேண்டும். ஒரே வடிவம் இரு வரலாறுகளைத் தாங்கக்கூடும். எதனைத் தீட்டுகிறோம் என்று அறிந்து தீட்டுபவரே கலைஞர். அறியாது தீட்டுபவர் பிறர் புண்ணில் கோல் இடுபவர்.

நிகழ்ந்ததை உள்ளவாறு மதிப்பவர்க்கே நிகழாததைப் புனையும் உரிமை உண்டு. தூரிகை திரையில் இருப்பினும், அது தொடும் கொடியும் சின்னமும் மெய்யான மாந்தர் உயிர் கொடுத்துக் காத்தவை. சில, மெய்யான மாந்தரின் உயிரைக் குடித்தவை. இதனை நெஞ்சில் நிறுத்தி இளைஞர் வண்ணம் தீட்டுவாராயின், அவர்தம் விளையாட்டு வீண்பொழுது ஆகாது. வரலாற்றைக் கற்கும் வாயில் ஆகும். கற்பனைக்கு வண்ணம் எத்துணையும் ஏற்றலாம். அது கற்பனையே என்று கூறும் வாய்மை மட்டும் வெளுத்துப் போகாதிருத்தல் வேண்டும்.