உருவி விட்டால் கை வராது

மூளை முடக்குவாதத்தால் ஒரு கை மடங்கிப்போன குழந்தையைப் பார்த்ததும் பெரியவர்கள் சொல்வது, "எண்ணெய் போட்டு நல்லா உருவி விடுங்க, நரம்பு இளகிடும்" என்பதுதான். தமிழ்நாட்டில் மற்ற ஊர்களில் கேட்பதை வாணியம்பாடியிலும் கேட்கலாம். கொஞ்சம் வசதி இருந்தால் எண்ணெயின் இடத்துக்கு பிசியோ வருகிறது. அங்கும் பெரும்பாலும் குழந்தை படுத்துக்கிடக்க, இன்னொருவர் அதன் கையை நீட்டி மடக்குகிறார், கரண்ட் வைக்கிறார். இரண்டுக்கும் அடியில் இருப்பது ஒரே எண்ணம்: கையை வேறொருவர் சரிசெய்து கொடுத்துவிடலாம். இந்த எண்ணம் தவறு. குழந்தை எதையும் சுலபமாகக் கற்றுக்கொள்ளும் வயதை இது வீணாக்கிவிடுகிறது என்பதால் ஆபத்தானதும் கூட.

கோளாறு கையில் இல்லை. கருவிலோ, பிரசவத்திலோ, பிறந்த பிறகோ மூளைக்கு நேர்ந்த சேதம்தான் கையில் இறுக்கமாகத் தெரிகிறது. தோலுக்கு மேல் தேய்க்கும் எண்ணெய் அந்த இடத்துக்குப் போகாது. மூளையை எட்டும் வழி ஒன்றுதான்: குழந்தை தானே ஒரு காரியத்துக்காகக் கையை நீட்ட வேண்டும், தவற வேண்டும், மறுபடி நீட்ட வேண்டும். அமெரிக்க உளவியலாளர் எட்வர்ட் டாப், ஒரு கையின் உணர்ச்சி நரம்புகள் துண்டிக்கப்பட்ட குரங்குகள் அந்தக் கையை அடியோடு கைவிட்டுவிடுவதையும், நல்ல கையைக் கட்டிவைத்தால் கைவிட்டதையே மறுபடி பயன்படுத்துவதையும் கண்டார். முடியாததால் மட்டுமல்ல, பழக்கம் விட்டுப்போனதாலும் கை முடங்குகிறது என்பது அதிலிருந்து தெரிந்தது. ஒரு பக்கம் மட்டும் பாதிக்கப்பட்ட குழந்தைகளுக்கு, நல்ல கையில் உறை மாட்டி மற்ற கையை வேலை செய்யவைக்கும் சிகிச்சை அப்படித்தான் பிறந்தது. நியூயார்க் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் ஆண்ட்ரூ கார்டன் குழுவினர் கையைக் கட்டாமல், இரண்டு கையும் தேவைப்படும் விளையாட்டுகளைத் தினம் 6 மணி நேரம், 15 நாள் கொடுத்துப் பார்த்தார்கள். 2011இல் வெளியான அவர்களுடைய ஒப்பீட்டில் இரு முறைகளும் ஏறத்தாழ ஒரே பலனைத் தந்தன. ஏனென்றால் இரண்டிலும் வேலை செய்தது குழந்தை.

அளவும் முக்கியம். சட்டைப் பொத்தான் போடுவது போன்ற குறிப்பிட்ட இலக்குகளை எட்டவே 14 முதல் 25 மணி நேரப் பயிற்சி வேண்டும், கையின் பொதுவான திறன் கூடுவதற்கு 30 முதல் 40 மணி நேரம் வேண்டும் என்று ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தவர்கள் கணித்திருக்கிறார்கள். வாரம் இரண்டு முறை அரைமணி நேரம் பிசியோவுக்குப் போனால் 40 மணி நேரம் சேர 40 வாரம் ஆகும். அந்த நேரமும் பிறர் கையை இழுத்துவிடுவதிலேயே கழிந்தால் மிஞ்சுவது சொற்பம். நரம்புக் கோளாறு உள்ளவர்களுக்குச் சில மாதங்கள் கையை இழுத்து நீட்டிவிடுவதால் மூட்டு அசைவில் சொல்லும்படியான மாற்றம் வருவதில்லை என்று, மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பின் மதிப்பாய்வும் 2017இல் சொல்லிவிட்டது.

இரண்டு கையும் சேர்ந்து வேலை செய்ய வேண்டும் என்பதை உள்ளூர்க்காரர்களுக்கு விளக்க வெளிநாட்டு ஆய்வே வேண்டாம். வாணியம்பாடி, ஆம்பூர் பக்கம் ஷூ அப்பரை வீட்டுக்கு வாங்கிவந்து தைக்கும் பெண்களைப் பாருங்கள். ஒரு கை ஊசியை ஏற்றுகிறது. மற்ற கை தோலை நழுவாமல் பிடித்திருக்கிறது. பிடிக்கும் கை இல்லாவிட்டால் தையல் இல்லை. முடங்கிய கையிடம் நாம் எதிர்பார்க்க வேண்டியதும் அந்தப் பிடிமானம்தான். அது எழுதவேண்டாம், ஊசி கோக்கவேண்டாம். டிபன் பாக்ஸை அமுக்கிப் பிடிக்கட்டும், இன்னொரு கை மூடியைத் திறக்கட்டும். ஆனால் வீட்டில் நடப்பது வேறு. வலது கை பாதித்த குழந்தை இடது கையால் சோற்றைத் தொடுவதை இந்து வீட்டிலும் முஸ்லிம் வீட்டிலும் பெரியவர்கள் ஏற்பதில்லை. அதனால் எட்டு வயதிலும் ஊட்டிவிடுகிறார்கள். பாசத்தால் செய்வதுதான், மறுக்கவில்லை. ஆனால் தினம் மூன்று வேளைப் பயிற்சி அதில் பறிபோகிறது. இடது கை சாப்பிடட்டும், வலது கை தட்டின் விளிம்பைப் பிடிக்கட்டும். பிறகு இட்லியைப் பிய்க்க, பிறகு டம்ளரைத் தூக்க என்று அந்தக் கை மெல்ல முன்னேறட்டும்.

கைக்குப் பயிற்சிதான் உயிர் என்பது நம் வட்டாரத்துக்குப் புதிதும் அல்ல. 1946இல் வேலூர் சி.எம்.சி. மருத்துவமனைக்கு வந்த டாக்டர் பால் பிராண்ட், தொழுநோயால் விரல் மடங்கியவர்களுக்குத் தசைநாணை இடம் மாற்றித் தைத்தார். அது மூளைக் கோளாறு அல்ல, கை நரம்பின் சேதம், நோய் வேறு. ஆனால் கத்தி வேலை முடிந்ததும் கை வந்துவிட்டதாக அவர் எண்ணவில்லை. இடம் மாறிய தசைக்குப் புது வேலையை நோயாளிதான் பயிற்சியால் கற்றுக்கொடுக்க வேண்டியிருந்தது. தச்சுப் பட்டறையில் நோயாளிகள் உளி பிடித்துப் பழகினார்கள். அந்த நோயாளிகளின் கைகளுக்குச் சக்கர நாற்காலியில் அமர்ந்தபடி அறுவை சிகிச்சை செய்த டாக்டர் மேரி வர்கீஸ், 1954 விபத்தில் இடுப்புக்குக் கீழே செயலிழந்தவர். 1966இல் வேலூரில் மறுவாழ்வு நிலையம் உருவாகக் காரணமாக இருந்தவரும் அவரே. இப்படிப்பட்ட ஊருக்கு அருகிலேயே எண்ணெயை நம்பிக் காத்திருக்கிறோம் என்பதுதான் வேதனை.

"உருவிவிட்டுத்தான் எங்க பிள்ளை தேறினான், கண்ணால பார்த்தோம்" என்பார்கள். பார்த்தது பொய்யல்ல, காரணம் சொல்வதில்தான் பிழை. குழந்தை வளர வளரக் கொஞ்சம் தேறவே செய்யும். கனடாவில் மூளை முடக்குவாதமுள்ள 111 குழந்தைகளில் ஒரு பாதிக்கு அழுத்தமேற்றிய ஆக்சிஜனும், மறுபாதிக்கு லேசாக அழுத்தமேற்றிய வெறும் காற்றும் கொடுத்தார்கள். 2001இல் முடிவு வந்தபோது இரு பாதியும் ஒரே அளவு தேறியிருந்தன. ஒப்பிட்டுப் பார்க்காமல் எந்த வைத்தியத்துக்கும் பெருமை கொடுக்கக்கூடாது. எண்ணெய் தேய்ப்பது குழந்தைக்குச் சுகம், அம்மாவின் தொடுகை அதற்கு வேண்டும். தேயுங்கள், ஆனால் அதைச் சிகிச்சைக் கணக்கில் சேர்க்காதீர்கள். "காலையில கம்பெனிக்குப் போறவளுக்கு நேரம் ஏது?" என்ற கேள்வி நியாயமானது. தனியாக நேரம் ஒதுக்கி உருவுவதற்குத்தான் நேரம் வேண்டும்; குளிக்கும்போது குழந்தையே மக்கைப் பிடிப்பதற்குக் கூடுதலாக ஐந்து நிமிடம் போதும். இரு கையும் கடுமையாக இறுகிய குழந்தைக்கு நல்ல கையைக் கட்டும் முறை பொருந்தாது. ஆனாலும் அது தானே செய்யக்கூடிய ஒரு காரியம் உண்டு: பருத்த பிடியுள்ள கரண்டியைப் பற்றுவது, ஃபேன் சுவிட்சைத் தட்டுவது. இறுக்கம் குறைக்கப் போடும் போட்டாக்ஸ் ஊசியும் சுமார் மூன்று மாதத்துக்குத்தான். அந்த மூன்று மாதத்தில் குழந்தையின் கைக்கு வேலை கொடுக்காவிட்டால் ஊசிக்குக் கொடுத்த பணம் போனதுதான்.

ஆகவே பெற்றோர் சிகிச்சை தருபவரிடம் கேட்கவேண்டிய கேள்வி, "கை எப்போ இளகும்?" என்பதல்ல, "இன்னும் ஆறு வாரத்துல என் பிள்ளை தானா செய்யப்போற வேலை எது?" என்பதே. 2021இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பிசியோதெரபிஸ்ட் வீட்டுக்கே வருகிறார். வருபவர் அந்த வீட்டுத் தட்டு, டம்ளர், பள்ளிப் பை இவற்றிலிருந்து ஒரு காரியத்தைக் குழந்தையோடும் அம்மாவோடும் சேர்ந்து தேர்ந்தெடுத்து, அடுத்த முறை அது எவ்வளவு வந்தது என்று பார்த்துக் குறித்துவைக்கவேண்டும் எனச் சுகாதாரத் துறை உத்தரவிட வேண்டும்.