திருநங்கையரும் திருநம்பியரும் சபையில்: சேகரக் குழுவின் நிலைப்பாடு

திருநங்கையரும் திருநம்பியரும் சபையின் முழு அங்கத்தினர்கள் என்று, பல சபைகள் சேர்ந்த எங்கள் சேகரத்தின் குழு தீர்மானித்திருக்கிறது. ஞானஸ்நானம், திடப்படுத்தல், திருவிருந்து, பாடகர் குழு, சங்கங்கள், சபைத் தேர்தலில் ஓட்டு, முடிவில் கல்லறைத் தோட்டத்தில் இடம் என மற்றவர்களுக்கு உள்ள எல்லாம் அவர்களுக்கும் உண்டு. வரவேண்டாம் என்று வாய்விட்டு யாரும் அவர்களிடம் சொன்னதில்லை. ஆனாலும் அவர்கள் வருவதில்லை. அதனால்தான் இதை எழுத்தில் வைக்கிறோம்.

தென் மாவட்டங்களில் பல கோயில்களில் இன்றும் ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம் இருக்கிறோம். சேலை கட்டி முக்காடிட்டு வரும் திருநங்கை பெண்கள் பக்கம் போனால் பாயில் இருப்பவர்கள் மெல்ல நகர்ந்து உட்காருகிறார்கள். வாசலில் நிற்பவர் ஆண்கள் பக்கத்தைக் கைகாட்டுகிறார். அந்தப் பெண் செருப்பு கழற்றும் இடத்துக்குப் பக்கத்திலேயே நின்று பிரசங்கம் கேட்கிறார். திருவிருந்துக்கு ஆண்கள் வரிசை முடிந்து பெண்கள் வரிசை எழும்பும்போது யாராவது ஏதாவது சொல்லிவிடுவார்களோ என்று பயந்து, பாட்டு முடிவதற்குள் வெளியே போய்விடுகிறார். இனி இப்படி நடக்கக் கூடாது. தான் எந்தப் பக்கம் என்று அவரவர் சொல்கிறாரோ, அந்தப் பக்கமே அவருடைய இடம். வரிசையும் அதுவே. வாசலில் நிற்கும் ஊழியர்களுக்கு இதை விளக்கிச் சொல்லியிருக்கிறோம்.

தேவன் மனிதரை ஆணும் பெண்ணுமாகப் படைத்தார் என்ற ஆதியாகம வசனத்தை முன்வைத்து இதை மறுப்பவர்கள் உண்டு. எங்கள் குழுவிலும் உண்டு. அவர்கள் வெறுப்பினால் பேசவில்லை, வேதத்தின் மேலுள்ள பயபக்தியால் பேசுகிறார்கள். அதே வேதத்தைத்தான் நாங்களும் சேர்ந்து வாசித்தோம். ஆண்மை நீக்கப்பட்டவன் கர்த்தருடைய சபைக்குட்படலாகாது என்று உபாகமம் 23 விலக்கிவைக்கிறது. ஏசாயா 56-ல் அதே மனிதரைக் கர்த்தர் தம் ஆலயத்துக்குள் அழைத்து, பிள்ளைகளால் வரும் பெயரைவிட மேலான பெயரைத் தருவதாக வாக்களிக்கிறார். ஞாயிறு பள்ளியில் நாம் எல்லாரும் கதை கேட்ட எத்தியோப்பிய மந்திரி ஓர் அண்ணகர், அதாவது ஆண்மை நீக்கப்பட்டவர். எருசலேமுக்குப் பணிந்துகொள்ளப் போய்த் திரும்பும் வழியில், காசாவுக்குப் போகும் பாதையில், தனக்கு ஞானஸ்நானம் பெறத் தடை என்ன என்று அவர் கேட்கிறார். வழியில் அவருக்குச் சுவிசேஷம் சொன்ன பிலிப்பு அவருடைய விசுவாசத்தை மட்டுமே பார்த்தார். இருவரும் தண்ணீரில் இறங்கினார்கள். அண்ணகரும் இன்றைய திருநங்கையும் ஒன்றே என்று நாங்கள் வாதிடவில்லை. உடலைக் காரணம் காட்டி வெளியே நிறுத்தப்பட்டவரைக் கர்த்தர் எப்படி நடத்தினார் என்பதே எங்களுக்கு முக்கியம்.

உடலும் பாலினமும் பற்றிய உபதேச விவாதம் இன்னும் பல ஆண்டுகள் நடக்கும். அது முடியும்வரை ஒருவரை வாசலில் காக்கவைக்க வேண்டியதில்லை. பாலின மாற்று அறுவை சிகிச்சையை 2024-ல் கடுமையாக எதிர்த்து எழுதிய வத்திக்கானே, அதற்கு முந்தைய ஆண்டு, விசுவாசிகளிடையே இடறலுக்கு இடமில்லையென்றால் மற்ற விசுவாசிகளைப் போலவே திருநர்களும் ஞானஸ்நானம் பெறலாம் என்று பதில் சொன்னது. நம் தமிழ்நாட்டிலேயே, செங்கல்பட்டுப் பகுதியில், இ.சி.ஐ. என்ற இந்திய சுவிசேஷத் திருச்சபையில் பாரதி என்ற திருநங்கை போதகராக ஊழியம் செய்தது பத்து ஆண்டுகளுக்கு முன்பே செய்தித்தாள்களில் வந்தது.

விடுதலை ஜெபம் பற்றி அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. பையனுக்குள் ஆவி புகுந்துவிட்டது என்று நினைத்துப் பெற்றோர் திருநங்கையான பிள்ளையைக் கூட்டிவருகிறார்கள். தலையில் எண்ணெய் தடவி, நாலைந்து பேர் பிடித்துக்கொண்டு, உபவாசம் என்ற பெயரில் பட்டினி போட்டு, பிள்ளை சோர்ந்து விழும்வரை சத்தம் போட்டு ஜெபிக்கிறார்கள். பெண்ணாகப் பிறந்ததாகக் கருதப்பட்ட திருநம்பியை வீட்டில் அடைத்துவைத்து, கல்யாணம் முடித்தால் சரியாகிவிடும் என்கிறார்கள். இது பிள்ளையை நொறுக்குகிற கொடுமை. சிகிச்சை என்ற பெயரில் ஒருவருடைய பாலின அடையாளத்தை மாற்ற முயல்வதைத் தடுக்க 2021-ல் சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. மறு ஆண்டு தேசிய மருத்துவ ஆணையம் அத்தகைய சிகிச்சையைத் தொழில் ஒழுங்கீனமாக அறிவித்தது. மருத்துவருக்கே கூடாது என்றானதைச் சபை ஜெபத்தின் பெயரால் செய்யலாமா? எங்கள் சேகரத்தில் எந்த வீட்டிலும் எந்தக் கூட்டத்திலும் இதற்கு அனுமதி கிடையாது. பயந்துபோன பெற்றோர் சேகரப் போதகரான ஐயரிடம் வரலாம். அவர்களோடு உட்கார்ந்து பேசவும், பிள்ளையை வீட்டைவிட்டு அனுப்பாதபடி பார்த்துக்கொள்ளவும் இரண்டு மூப்பர்களை நியமித்திருக்கிறோம்.

குழந்தையாக ஞானஸ்நானம் பெற்றவர் பின்னர் பெயரை மாற்றிக்கொண்டாலும் அவருக்கு மறுபடி ஞானஸ்நானம் இல்லை. அது ஒரே தரம்தான். இங்கிலாந்து திருச்சபையின் பேராயர்கள் 2018-ல் காட்டிய வழியும் இதுவே: ஞானஸ்நானத்தில் ஏற்ற விசுவாசத்தை ஆராதனையில் புதிய பெயரோடு மீண்டும் அறிக்கையிடலாம். பதிவேட்டில் பழைய பெயரை அடிக்காமல், ஓரத்தில் புதிய பெயரை எழுதி ஐயர் கையெழுத்திடுவார். 2019-ம் ஆண்டுச் சட்டப்படி மாவட்ட ஆட்சியர் தரும் சான்றிதழை இதற்காக யாரிடமும் கேட்கமாட்டோம். சபைக்கு அவர் வாய்ச்சொல் போதும்.

திருமணத்தில் இவ்வளவு தெளிவு எங்களுக்கு இல்லை. திருநங்கை ஓர் ஆணையும் திருநம்பி ஒரு பெண்ணையும் இப்போதுள்ள சட்டங்களின்படியே மணக்கலாம் என்று உச்ச நீதிமன்றம் 2023 அக்டோபரில் சொல்லியிருக்கிறது. கோயிலில் விவாக அறிக்கை வாசிப்பதும் திருமணம் நடத்துவதும், பேராயரின் கீழுள்ள எங்கள் திருமண்டலத்தின் விதிகளுக்கு உட்பட்டவை. அந்த விதிகளை விளக்கும்படி திருமண்டலத்துக்கு எழுதியிருக்கிறோம். பதில் வரும்வரை, பதிவுத் திருமணம் செய்துகொண்ட தம்பதியர் கேட்டால் ஐயர் அவர்கள் வீட்டுக்குப் போய் ஜெபிப்பார்.

இந்த அறிக்கை சேகரத்தின் எல்லாச் சபைகளிலும் ஞாயிறு ஆராதனையில் வாசிக்கப்படும். ஆட்சேபம் உள்ளவர்கள் குழுவுக்கு எழுதலாம். நேரில் கூப்பிட்டுப் பேசுவோம். அதற்காக முடிவை நிறுத்திவைக்கமாட்டோம்.