கிந்தாவின் ஈயமும் சுண்ணாம்பு மலைகளும்

ஈப்போவைச் சுற்றி நிற்கும் சுண்ணாம்பு மலைகளை வெட்டிச் சிமெண்டும் கல்லுமாக விற்பதை என்னால் ஏற்க முடியவில்லை. கிந்தாப் பள்ளத்தாக்கின் ஈயம் தங்கியதே அந்தப் பாறையால்தான். இருபது கோடி ஆண்டுகளுக்கும் முன்பு பூமிக்கடியில் உருகி எழுந்த கருங்கல் குழம்பு ஈயத் தாதுவைக் கொண்டுவந்தது. பிறகு மழை மலையைக் கரைத்தது. மணலைவிட இரண்டரை மடங்கு கனமான தாது, அரித்துப்போன சுண்ணாம்புப் பாறையின் குழிகளில் படிந்தது. அதைத் தேடித்தான் சீனத் தொழிலாளிகள் வந்தார்கள், பிரிட்டிஷ் கம்பெனிகள் வந்தன, ஊர்கள் முளைத்தன. 1985 அக்டோபரில், ஈய விலையைத் தாங்கிப் பிடித்துவந்த அனைத்துலக ஈய மன்றம் பணமின்றி முடங்க, விலை சரிந்தது. சுரங்கங்கள் வரிசையாக மூடப்பட்டன. இன்று மிஞ்சியவை குட்டைகளும், பத்து காஜா அருகே 1938இல் கட்டப்பட்டு 1982வரை உழைத்த ஐந்தாம் எண் ஈயக் கப்பலும் (ஈய மணலைத் தோண்டிய மிதவை இயந்திரம்). கப்பலைக் காக்கிறோம்; மலைகளை உடைக்கிறோம். இது பெரும் பிழை. பேராக் தமிழ்ப்பள்ளி ஆசிரியர்களே, பிள்ளைகளை அந்தக் கப்பலுக்கு அழைத்துச் செல்லுங்கள். அப்படியே இந்த மலைகளையும் காட்டுங்கள்.