நெடுந்தீவுக்கு எத்தனை தூரம்?

ஏற்றுமதி, உள்ளூர்க் கூட்டு, நேரடி முதலீடு, அரச ஒப்பந்தம் என அயல்நாட்டுச் சந்தைக்குள் நுழைய ஒரு நிறுவனத்துக்குப் பல வாசல்கள் உண்டு. எந்த வாசல் என்பதை இரு நாடுகளுக்கிடையிலான வேறுபாடே முடிவுசெய்கிறது. பங்கஜ் கெமாவத் 2001இல் இந்த வேறுபாட்டைப் பண்பாடு, நிர்வாகம், புவியியல், பொருளாதாரம் என நான்கு தூரங்களாகப் பிரித்தார். யாழ்ப்பாணத் தீவகத்தில் இரண்டாவது தூரம் மற்ற மூன்றையும் விழுங்கிவிட்டது.

2021 ஜனவரியில் நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு ஆகிய மூன்றுக்குமான மின்திட்டம் சினோசோர்-ஈடெக்வின் என்ற சீனக் கூட்டு நிறுவனத்துக்குக் கிடைத்தது. பணம் ஆசிய அபிவிருத்தி வங்கியுடையது. தெரிவு சர்வதேசக் கேள்விப்பத்திரத்தின்படி நடந்தது. தமிழகக் கரை சுமார் 50 கிலோமீற்றரில் இருப்பதால் புதுடில்லி ஆட்சேபித்தது. மூன்றாம் தரப்பொன்றின் பாதுகாப்புக் கவலையைக் காரணங்காட்டி, திட்டம் நிறுத்தப்பட்டதாக அந்த டிசெம்பரில் சீனத் தூதரகம் அறிவித்தது. அதே நிறுவனம் மாலைதீவின் 12 தீவுகளில் வேலை எடுத்தது. இரு வாரம் கழித்துச் சீனத் தூதுவர் வேட்டி கட்டி நல்லூர்க் கந்தனைத் தரிசித்தார். பண்பாட்டுத் தூரம் குறைந்திருக்கலாம்; தீவுகளுக்கு அந்தத் திட்டத்தின் மின்சாரம் வரவில்லை.

2024 மார்ச் 1இல் அதே மூன்று தீவுகளுக்காக 1.1 கோடி டொலர் இந்திய நன்கொடையில் பெங்களூரின் யூ-சோலார் நிறுவனத்துடன் ஒப்பந்தம் ஆனது: சூரிய ஒளியில் 1,700 கிலோவாட், காற்றில் 530 கிலோவாட். ஒப்பந்தக்காரர் மாறுவதற்குள் குறிகாட்டுவானில் தீவுகளுக்குப் படகேறும் சனத்துக்கு மூன்று வருடம் வீணானது.

கடல்நீரேரிக்கு அப்பால், பூநகரியிலும் மன்னாரிலுமாக 484 மெகாவாட் காற்றாலைக்கு அதானி குழுமம் வந்ததும் இரு அரசுகளின் கைகுலுக்கலில்தான். அதற்குப் போட்டிக் கேள்வி கோரப்படவில்லை. கேள்வி கோரும் கட்டாயத்தையே 2022 ஜூனில் சட்டத்திருத்தம் நீக்கியது. 2024இல் ஒத்துக்கொள்ளப்பட்ட விலை அலகுக்கு 8.26 அமெரிக்க சதம். சில மாதங்களில், அதே மன்னாரில் 50 மெகாவாட்டுக்கு ஹேலிஸ் பென்ரன்ஸ் நிறுவனம் கேட்ட விலை 4.65 சதம். 8.26க்கும் 4.65க்கும் இடையில் 3.61 சதம், முக்கால் பங்குக்கு மேல் அதிகம். இருபது வருடத்துக்கு, ஒவ்வோர் அலகுக்கும். இந்த மூன்றரைச் சதத்தை விளங்கப்படுத்தாத எந்த முதலீட்டுப் பிரசங்கமும் கேட்கத் தகுந்ததன்று. திட்டத்தின் அளவு வேறு என்று சமாதானம் சொல்பவர்களும் இருக்கிறார்கள். மூட்டையாக வாங்கினால் விலை குறையும் என்பது திருநெல்வேலிச் சந்தையில் வெங்காயம் விற்பவருக்கும் தெரியும்.

ஆட்சி மாறியது, விலை மறுபேச்சுக்கு வந்தது, 2025 பெப்ரவரியில் அதானி விலகியது. முதலீட்டாளரை விரட்டிவிட்டோம் என்ற புலம்பலுக்கு அடிப்படையில்லை. அரசின் தோளில் ஏறி வந்த நிறுவனம், அந்த அரசு இறங்கியதும் இறங்கியது. பூநகரியின் காற்று திறந்த கேள்விக்கு வரட்டும். ஐந்து சதத்துக்கு மேல் கேட்க எவரும் துணியார்.