'ஸ்லீப் 5' எழுதும் நண்பர்களுக்கு ஒரு கண்டனம்

போன வாரம் எங்கள் ஹாஸ்டல் அறையில் பெரிய சண்டை. காரணம் புளூடூத். இறுதியாண்டு ப்ராஜெக்டுக்காக வராந்தாவில் ஒரு ஆர்டுயினோ, அதில் எச்.சி-05 புளூடூத் மாட்யூல், இரண்டு வெப்ப உணரிகள். அறைக்குள் லினக்ஸ் கணினி. நிமிடத்துக்கு ஒருமுறை வெப்பநிலை பதிவாக வேண்டும். காலையில் எழுந்து பார்த்தால் இரவு 1.40-க்குப் பிறகு ஒரு வரி கூட இல்லை. ஒரு ராத்திரி அளவீடு போச்சு!

ஸ்கிரிப்டைத் திறந்தேன். (எழுதியதில் எனக்கும் பங்கு உண்டு, மறைக்கவில்லை.) ஆர்எஃப்காம் கட்டளையைப் பின்னணியில் ஓட விடு, ஸ்லீப் 5, அப்புறம் படி. அவ்வளவு தான். இதே மூன்று வரி மூன்று ஸ்கிரிப்டில். ஒன்று வெப்பநிலையைப் படிக்க, ஒன்று விசிறியை இயக்க, இன்னொன்று கடிகாரத்தைச் சரி செய்ய. மூன்றையும் கிரான் எழுப்பி விடுகிறது.

அந்த 5 எங்கிருந்து வந்தது? யாரோ எழுதினார்கள், நாம் காப்பி அடித்தோம். புளூடூத்தில் எதிர்முனை பதில் தராவிட்டால் அழைப்பைக் கைவிட இயல்பாக 5.12 நொடி ஆகும். தோற்றோமா என்று தெரிவதற்கு முன்பே நம் ஸ்கிரிப்ட் படிக்கக் கிளம்பி விடுகிறது :-)

நடுவில் அறுந்தால் கதை இன்னும் மோசம். எதிர்முனை மௌனமாகிவிட்டால், இணைப்பு செத்தது என்று முடிவு செய்ய இயல்பான காலக்கெடு 20 நொடி. அதுவரை நீங்கள் அனுப்புவது தாங்கியில் போய்ச் சேரும், பிழை எதுவும் வராது. பிறகும் பழைய ஸ்கிரிப்ட் வாசிப்புச் சுழலில் மாட்டிக்கொண்டு ஆர்எஃப்காம்0 கோப்பை மூடாமல் பிடித்திருந்தால், அடுத்து வருபவனுக்குக் கிடைப்பது 'முகவரி ஏற்கெனவே பயன்பாட்டில்' என்ற பிழை தான். எங்களுக்கு 1.40-க்கு நடந்தது இதுவே.

"ரெண்டு வரி வேலைக்கு சர்வீஸ் எல்லாம் எதுக்குடா? ஸ்லீப்பைக் கூட்டு" என்கிறார் சீனியர் அண்ணன். அண்ணே, எச்.சி-05 ஒரு நேரத்தில் ஒருவரோடு தான் பேசும். ஒரு குழாயடியில் மூன்று குடம் வைத்தால் என்ன ஆகும் என்று உங்களுக்குத் தெரியாதா?

குழாயை ஒரே ஒரு பின்னணிச் சேவை பிடிக்கட்டும். ஸ்கிரிப்டுகள் அதனிடம் யூனிக்ஸ் சாக்கெட் வழியாகக் கேட்கட்டும். இணைப்பு இல்லையென்றால் 'இல்லை' என்று அது நேராகச் சொல்லட்டும். ஆர்டுயினோ 2 நொடிக்கு ஒரு வரி அனுப்ப வேண்டும். 6 நொடி வரி வராவிட்டால் சேவை மூடிவிட்டு மறுபடி இணைக்க வேண்டும். ஆர்எஃப்காம் கட்டளையே தேவையில்லை. புளூஇசட் 2017-லேயே அதைக் கைவிட வேண்டிய கருவிகளில் சேர்த்துவிட்டது. பைத்தான் 3.3 முதல் ஆர்எஃப்காம் சாக்கெட்டை நேராகத் திறக்கலாம்.

ஒரு எச்சரிக்கை. சிஸ்டம்டி கோப்பில் 'ரீஸ்டார்ட்' வரியை மட்டும் போட்டுவிட்டுத் தூங்கப் போகாதீர்கள். விழுந்த சேவையை அது இயல்பாக 100 மில்லிநொடியில் எழுப்பும். 10 நொடிக்குள் 5 முறை கிளப்பியும் விழுந்தால் கைகழுவி விடும். புளூடூத் அடாப்டர் தயாராகும் முன்பே சேவை கிளம்பினால் அந்த ஐந்தும் கண்மூடித் திறப்பதற்குள் தீர்ந்துவிடும். 'ரீஸ்டார்ட்செக்' 5 என்று போடுங்கள். ஆமாம், இங்கேயும் 5 தான், சிரிக்காதீர்கள். இது தோற்றது தெரிந்த பிறகு காத்திருக்கும் 5.

நேற்று இரவு சேவையை ஓட விட்டோம். 3.10-க்கு அறுந்தது, அந்த நிமிடத்துக்குள்ளேயே திரும்ப ஒட்டிக்கொண்டது. பதிவில் இரண்டு வரியும் இருக்கிறது. அண்ணன் ஸ்லீப் 10 போட்டுப் பார்த்துக்கொண்டிருக்கிறார்.