பசித்துப் படிப்பதா பெருமை?

"சாப்பிடக்கூட நேரமில்லாமல் படிக்கிறாள்" என்று ஒரு மாணவியைப் பெரியோர் புகழக் கேட்டிருக்கிறோம். பசியை மறப்பதே உழைப்பின் அடையாளம் என்ற எண்ணம் நம் இல்லங்களில் வேரூன்றிவிட்டது. இது சரிதானா என்று, பொதுத்தேர்வை எதிர்நோக்கும் பத்தாம் வகுப்பு மாணவியராகிய நாங்கள் எண்ணிப் பார்க்க விழைகிறோம்.

மூளையின் எடை உடல் எடையில் ஏறக்குறைய 2 விழுக்காடே. ஆயினும், ஓய்வாக இருக்கும் உடல் செலவிடும் ஆற்றலில் சுமார் 20 விழுக்காட்டை அது எடுத்துக்கொள்கிறது. இரவு 8 மணிக்கு உண்டவள், காலையில் ஒன்றும் உண்ணாமல் தேர்வெழுதிப் பகல் ஒன்றேகால் மணிக்கு வெளியே வந்தால், அது பதினேழு மணி நேரப் பட்டினி! கணக்கு வராததற்கும் கை நடுங்குவதற்கும் அவள் அறிவையா குறை கூறுவது?

உண்ண மனம் வராததற்கும் காரணம் உண்டு. அச்சம் கொள்ளும்போது உடலில் அட்ரினலின் சுரக்கிறது. நெஞ்சு படபடக்கிறது, செரிமானம் மந்தமாகிறது. அதனால்தான் தேர்வு நாளில் இட்லி தொண்டையில் இறங்க மறுக்கிறது. கவலை பல நாள் நீடித்தாலோ, பலருக்கு இனிப்பிலும் எண்ணெய்ப் பண்டத்திலும் நாட்டம் பிறக்கிறது. விடுதியில் தங்கிக் கல்லூரியில் படிக்கும் அக்காமாரைக் கேட்டால் தெரியும். காலை உணவை விடுவதும், இரவில் தேநீரும் சிப்சுமாக விழித்திருப்பதும், மறுநாள் வகுப்பில் கண்ணயர்வதும் அங்கே வழக்கம். மதிப்பெண் குறைகிறது, கவலை பெருகுகிறது, மீண்டும் உணவு குறைகிறது. செக்குமாடு போலச் சுற்றிவரும் துன்பம் இது!

இந்தியாவில் 15 முதல் 19 வயதுள்ள பெண்களில் 59 விழுக்காட்டினருக்கு இரத்தசோகை உள்ளதென 2019–21ஆம் ஆண்டுகளின் தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பு கூறுகிறது. இந்நிலையில் ஒருவேளை உணவையும் நாம் இழக்கலாமா?

பொதுத்தேர்வு பெரும்பாலும் தவக்காலத்தையொட்டி வருகிறது. நல்ல மதிப்பெண் வேண்டி உணவை ஒறுப்போர் எங்களுள் உண்டு. வெள்ளிக்கிழமை விரதம் இருக்கும் தோழியரும் உண்டு. அவர்கள் பக்தியை மதிக்கிறோம். ஆயின் 1983ஆம் ஆண்டின் திருச்சபைச் சட்டத்தொகுப்பு, நோன்புக் கடமையை 18 வயது நிறைந்தோர்க்கே விதிக்கிறது. வளரும் பிள்ளைகளின் உடல்நலத்தைத் திருச்சபையே எண்ணிப் பார்த்திருக்கிறதன்றோ? உணவுக்குப் பதிலாகக் கைப்பேசியை ஒறுக்கலாமே!

தொடக்கப்பள்ளிப் பிள்ளைகளுக்குக் காலை உணவு வழங்கும் திட்டத்தைத் தமிழக அரசு 2022இல் தொடங்கியது. பசித்த பிள்ளைக்குப் பாடம் ஏறாது என்பதை நாடே ஒப்புக்கொண்டுவிட்டது. ஐந்தாம் வகுப்போடு பசி நின்றுவிடுவதில்லை!

அன்புப் பெற்றோரே, உண்ணும் வேளையில் மதிப்பெண் பேச்சு வேண்டாம். இரண்டு இட்லி, ஓர் வாழைப்பழம், அல்லது ஒரு குவளை கேழ்வரகுக் கூழ் போதும். அதையும் அமைதியாக உண்ண விடுங்கள். அன்புள்ள அருட்சகோதரியரே, காலைச் சிறப்பு வகுப்பின் நடுவே உண்பதற்குப் பத்து நிமிடம் தரும்படி பணிவுடன் வேண்டுகிறோம். தோழியரே, உண்பது நேரத்தை வீணாக்குவதன்று. அதுவும் தேர்வுக்கான ஆயத்தமே. வயிறார உண்டு, மனமாரப் படித்து, வெற்றி காண்போமாக!

— பத்தாம் வகுப்பு மாணவியர்